கினோட்டோ குடிக்கப் போகிறவர்களுக்கு, தெரிந்த ஒருத்தி சொல்வது

இத்தாலிக்குப் படிக்கவோ வேலைக்கோ வருகிற, மது தொடாத நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். கினோட்டோ என்பது ஒரு சின்னக் கசப்பு ஆரஞ்சு, அதை வைத்துச் செய்கிற மது இல்லாத கசப்புப் பானத்துக்கும் அதே பேர்தான். நான் ஆராய்ச்சி மாணவியாக வட இத்தாலியின் தோரினோவுக்கு (ஆங்கிலத்தில் டுரின்) வந்து சேர்ந்தபோது விசா, வாடகை வீடு, குடியிருப்பு அனுமதி என்று எல்லாவற்றுக்கும் யாராவது ஒருவர் வழி சொன்னார்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு ஆய்வகத்து ஆட்களோடு பாருக்குப் போனால் கையில் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்று மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை. கேட்டால் சின்ன விஷயமாகத்தான் தோன்றும். தனியாக வந்து, மொழியும் பாதிதான் புரிகிற நிலையில், வாரா வாரம் அதே மேசையில் அதே சங்கடத்தோடு உட்கார்ந்து பார்த்தால்தான் அதன் கனம் தெரியும்.

தோரினோ சாதாரண ஊர் இல்லை. 1786-ல் கர்பானோ என்பவர் வெர்மூத் என்கிற மூலிகை ஒயினைத் தயாரித்து விற்கத் தொடங்கிய ஊர் இது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் கசப்பாக ஏதாவது குடித்து, கூடவே உப்புத் தீனி கொஞ்சம் கொறித்துவிட்டு வீட்டுக்குப் போவது இவர்களுக்குப் பரம்பரைப் பழக்கம். அபெரிதீவோ என்பார்கள். வேலை எப்படிப் போகிறது, யார் எந்த மாநாட்டுக்குப் போகிறார்கள், அடுத்த வருடம் உதவித்தொகை யாருக்கு என்பதெல்லாம் அந்த மேசையில்தான் பேசப்படும். போகாமல் இருந்தால் நாம் வெளியாள்தான். போனேன். ஆரஞ்சுச் சாறு கேட்டேன், கோலா கேட்டேன். பில் வந்ததும் ஆளுக்குச் சமமாகப் பிரித்தார்கள். மற்றவர்கள் குடித்த ஸ்ப்ரிட்ஸ் என்கிற மதுக்கலவைக்கும் சேர்த்து நான் பத்து யூரோ கொடுத்தேன். நம் காசில் ஆயிரம் ரூபாய்க்குப் பக்கம். முதல் மாதம் முழுக்க இப்படிப் போன பணத்தை எண்ணி ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருக்கிறேன். பாரில் பலரும் தனித்தனியாகக் காசு கொடுக்கிறார்கள், ஆர்டர் கொடுக்கும்போதே ‘நான் தனியாகக் கொடுத்துவிடுகிறேன்’ என்றால் யாரும் தப்பாக நினைப்பதில்லை என்பது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை, இது முக்கியம். மது வேண்டாம், ஆனால் எல்லோரையும் போலக் கசப்பாக ஏதாவது வேண்டும் என்று நினைத்து ‘பிட்டர்’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். சின்னச் சிவப்பு பாட்டில் ஒன்று வரும். அது சான்பிட்டேராக இருந்தால் ஆல்கஹால் கிடையாது. கம்பாரி சோடாவாக இருந்தால் 10 சதவீதம் ஆல்கஹால். இரண்டும் ஒருவருக்கு மட்டும் போதுமான குட்டி பாட்டில், இரண்டும் சிவப்பு. கிளாஸில் ஊற்றிக் கொண்டுவந்துவிட்டால் பார்வையில் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. எனக்கு அப்படி ஒரு கிளாஸ் வந்து, வாசனையில் சந்தேகப்பட்டுத் திருப்பிக் கேட்டதால் தப்பித்தேன். ‘அனால்கோலிக்கோ’, அதாவது ஆல்கஹால் இல்லாதது என்ற வார்த்தையைக் கட்டாயம் சேர்த்துச் சொல்லுங்கள். பாட்டிலை மேசையில் வைத்துத் திறக்கச் சொல்லுங்கள்.

அப்படி இருக்கும்போதுதான் கூட வேலை செய்கிற பையன் கினோட்டோ குடித்துப் பார் என்றான். அதிலும் ஆல்கஹால் கிடையாது, ஆனால் கசக்கும், இத்தாலிக்காரர்களின் பழைய பானம், உனக்குப் பிடிக்கும் என்றான். அடுத்த நாளே ரயில் நிலையத்துக்கு வெளியே இருந்த பெட்டிக்கடையில் ஒரு பாட்டில் வாங்கினேன். வெயில் படுகிற தட்டில் நின்றுகொண்டிருந்த பாட்டில் அது. பார்க்க அசல் கோலா. அதே கறுப்பு, அதே நுரை. முதல் வாய் கருக்கின சர்க்கரைத் தித்திப்பு. அதை விழுங்குவதற்குள் ஆரஞ்சுத் தோலைக் கிள்ளினால் வருமே, அந்த எண்ணெய் வாசனை மூக்கின் பின்பக்கத்துக்கு ஏறியது. அதற்குப் பிறகு வந்த கசப்பு போகவே இல்லை. தொண்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, தண்ணீர் குடித்தும் அசையவில்லை. பாதிப் பாட்டிலை வடிகாலில் ஊற்றினேன். இந்த ஊரில் எனக்கென்று ஒரு கிளாஸ்கூட இல்லை என்று மனம் அப்படியே சோர்ந்துபோனது. ஒரு பானத்துக்காகவா என்று கேட்பீர்கள். புது ஊரில் தனியாக இருக்கும்போது இப்படிப்பட்ட சின்ன விஷயத்தில்தான் அழுகை வரும்.

அந்த முதல் பாட்டிலை வைத்துக் கினோட்டோவை எடைபோடக் கூடாது என்பதை எனக்கு அன்றைக்கே யாராவது சொல்லியிருக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருக்கும்போது நாக்குக்கு இனிப்பு தூக்கலாகத் தெரியும். குளிர்ந்தால் அதே சர்க்கரை அடங்கிவிடும். சூடேறிய கினோட்டோவில் முதலில் பாகு, அப்புறம் வெறும் கசப்பு என்று இரண்டும் பிரிந்து நிற்கும். நன்றாகக் குளிர்ந்த பாட்டிலில் இரண்டும் ஒன்றோடொன்று கலந்து வரும். அடுத்தது, கூட என்ன சாப்பிடுகிறோம் என்பது. உப்பு கசப்பை அமுக்கும். நாம் உப்பு நாரத்தங்காயை என்றைக்காவது தனியாகக் கடித்துச் சாப்பிட்டிருக்கிறோமா? தயிர்சாதத்துக்கு ஓரத்தில் ஒரு துண்டு வைத்துக்கொண்டால்தான் அதன் அருமை தெரியும். கினோட்டோவும் அந்த ஜாதிதான். வெறும் வயிற்றில், தாகத்துக்கு மடக்மடக்கென்று குடிப்பதற்கு அது தோதான பானம் இல்லை. ஆலிவ் காய், உப்புக் கடலை, வறுத்த உருளைச் சீவல், இதில் ஏதாவது ஒன்றைக் கடித்துவிட்டு ஒரு வாய் குடியுங்கள். அடுத்த வாய் வேறு ருசியாக இருக்கும்.

இதெல்லாம் தெரிந்த பிறகு, சரியாகக் குடித்துப் பார்க்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய சதுக்கம் ஒன்றில் அழகான கடையில் உட்கார்ந்தேன். ஐஸ், ஆரஞ்சுத் துண்டு, வெள்ளித் தட்டில் ஆலிவ் எல்லாம் வந்தது. பில்லும் வந்தது, எட்டு யூரோ ஐம்பது சென்ட். அதே பாட்டிலை அங்கேயே கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று குடித்திருந்தால் மூன்று யூரோதான். நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் ஒரு விலை என்பது இந்த நாட்டில் ஒளிவுமறைவு இல்லாத வழக்கம். உள்ளே விலைப்பட்டியல் மாட்டியிருக்கும். பல கடைகளில் ‘பாங்கோ’, ‘தாவோலோ’ என்று இரண்டு பத்தி இருக்கும். பாங்கோ என்பது நின்று குடிக்கிற கல்லா, தாவோலோ மேசை. ரயில் நிலையத்திலும் கூட்டம் அதிகமுள்ள இடங்களிலும் முதலில் காசு கட்டி ரசீது வாங்கிக்கொண்டு, அதைக் காட்டித்தான் பானம் கேட்க வேண்டும். சுற்றுலாப் பயணிகள் நடமாடும் சதுக்கத்தில் உட்காருவதற்கு முன்னால் அந்தப் பட்டியலை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

ருசி இத்தனைக்குப் பிறகும் எனக்கு முழுசாகப் பிடிபடவில்லை. பழத்தையே பார்த்துவிடுவது என்று முடிவு செய்து சவோனாவுக்கு ரயில் ஏறினேன். தோரினோவிலிருந்து தெற்கே மலையைக் கடந்து கடற்கரைக்கு இறங்குகிற பாதை, இரண்டு மணி நேரத்துக்கு மேல். போக வர டிக்கெட் இருபது யூரோவைத் தாண்டியது. லிகூரியா கடற்கரையில் வராஜ்ஜே தொடங்கி ஃபினாலே லிகுரே பக்கம் வரைக்கும்தான் இந்த மரத்துக்குப் பேர்போன இடம். சீனாவிலிருந்து ஒரு மாலுமி கொண்டுவந்தான் என்று ஊரில் கதை சொல்வார்கள். சிசிலியிலும் வளர்கிறது. 1877-ல் பிரான்சின் ஆப்ட் ஊரிலிருந்து ஒரு கம்பெனி இந்தப் பழத்தைப் பாகில் போடுவதற்காகவே சவோனாவுக்கு இடம் மாறி வந்திருக்கிறது. அந்தக் காலத்துக் கஃபேக்களில் இது ஜாடியில் இருக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு செரிமானத்துக்கு ஒன்று எடுத்து வாயில் போட்டுக்கொள்வார்களாம். பிறகு மவுசு குறைந்து தோட்டங்கள் சுருங்கிப்போயின. 2004-ல் பாரம்பரிய உணவுகளைக் காக்கிற ஸ்லோ ஃபுட் இயக்கம் சவோனா கினோட்டோவைக் காப்பாற்ற வேண்டிய பட்டியலில் சேர்த்த பிறகுதான் மறுபடி கன்று நடத் தொடங்கினார்கள்.

நான் போனது திங்கட்கிழமை. இத்தாலியில் சின்ன ஊர்களில் பல கடைகள் திங்கள் காலையில் திறப்பதில்லை, மத்தியானமும் மூன்றரை வரைக்கும் மூடிவிடுவார்கள் என்பது பல்கலைக்கழகத்துச் சூழலிலேயே இருந்த எனக்குத் தெரிய வாய்ப்பில்லை. துறைமுகத்தில் லியோன் பங்கால்டோ கோபுரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். மகெல்லனோடு கப்பலேறிப் போன சவோனாக்காரன் பேரைத் தாங்கிய கோபுரம் அது. பியா வீதியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. ஒரு நாள் லீவும் டிக்கெட் காசும் இப்படியே போய்விடுமோ என்று வயிறு கலங்கியது. போகிறவர்கள் செவ்வாயிலிருந்து சனிக்குள், காலை ஒன்பதரைக்கு மேல் பன்னிரண்டரைக்குள் கடைவாசலில் இருக்கிற மாதிரி கிளம்புங்கள். ஆகஸ்ட் நடுவில் போகவே வேண்டாம், நாடே விடுமுறையில் இருக்கும். மரத்தில் காயைப் பார்க்க வேண்டும் என்றால் அறுவடைக் காலமான இலையுதிர்காலம்தான் தோது.

நான் போனது மே மாதம், ஆனாலும் மரத்தைப் பார்த்துவிட்டேன். மூடியிருந்த ஒரு மிட்டாய்க் கடை வாசலில் பெரிய மண்தொட்டியில் நின்றது. என் இடுப்பு உயரம்தான். ஆரஞ்சு மரத்தின் இலையை எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். இலை என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் நீளம், நுனி கூர்மை, தடிப்பு, கரும்பச்சைப் பளபளப்பு. கிளையில் இடைவெளியே தெரியாமல் நெருக்கி அடுக்கியிருந்தது. முள் கிடையாது. வெள்ளைப் பூ கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தது. போன பருவத்துக் காய்கள் சில பறிக்காமல் விட்டு ஆரஞ்சு நிறத்துக்குத் திரும்பி, கிளை நுனியில் மூன்றும் நான்குமாக ஒட்டிக்கொண்டிருந்தன. உள்ளங்கையில் ஒன்றை வைத்து மூடிக்கொள்ளலாம், அவ்வளவு சிறிசு. தோலை நகத்தால் லேசாகக் கீறி முகர்ந்தேன். பெட்டிக்கடை பாட்டிலில் என்னைத் துரத்தின அதே வாசனை. ஆனால் இங்கே பூ மணத்தோடு சேர்ந்து வந்தபோது அதில் துரத்துகிற குணமே இல்லை.

மூன்றரைக்கு அந்தக் கடைக்காரப் பெரியம்மா வந்து கதவைத் திறந்தார். வாசலில் காத்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, ‘கினோட்டோவுக்காகவா இவ்வளவு தூரம்?’ என்று கேட்டு உள்ளே கூப்பிட்டார். பச்சைக் காயாகவே பறித்து, பல வாரம் உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, மேல்தோலை மெல்லிசாகச் சீவி, வேகவைத்து, பிறகு சர்க்கரைப் பாகில் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டியாக்கிக்கொண்டே போவார்கள் என்று விளக்கினார். முன்னாட்களில் உப்புத் தண்ணீருக்குக் கடல்நீரையே எடுப்பார்களாம். ஜாடியைத் திறந்து கரண்டியை விட்டபோது, எதில் ஊறுகிறது என்று கேட்டேன். மரஸ்கினோ என்றார். அது செர்ரியில் வடிக்கிற மதுபானம். மது சேர்க்காதவர்கள் இதைக் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள். பாகில் மட்டும் போட்டதும் உண்டு, ஈரமில்லாமல் சர்க்கரை பூத்த வகையும் உண்டு. அவர் முகம் கோணாமல் பாகு ஜாடியிலிருந்து ஒன்று எடுத்துக் கொடுத்தார். உள்ளே வரைக்கும் கண்ணாடி மாதிரி தெளிந்த பச்சை. பல்லில் பட்டதும் மெல்லத் தட்டுப்பட்டு விட்டுக்கொடுக்கிற சதை. இனிப்பு ஓய்கிற இடத்தில் கசப்பு மெதுவாக எழும்பி, வாயைச் சுத்தம் செய்துவிட்டுப் போனது. கினோட்டோவில் கசப்பு எதற்கு என்பது எனக்கு அந்த நிமிடத்தில்தான் புரிந்தது.

பாட்டில் எதை வாங்குவது என்று அவரிடமே கேட்டேன். ‘முன்பக்கப் படத்தைப் பார்க்காதீர்கள், பின்பக்கம் திருப்புங்கள்’ என்றார். அதற்குப் பிறகு கண்ணில் பட்ட பாட்டிலை எல்லாம் திருப்பிப் படித்திருக்கிறேன். ஐரோப்பாவில் சேர்மானங்களை அளவு அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாகத்தான் எழுத வேண்டும். தண்ணீர், சர்க்கரை, கார்பன் டை ஆக்ஸைடு, அப்புறம் கினோட்டோ. கறுப்பு நிறம் பழத்திலிருந்து வருவதில்லை, அது பெரும்பாலும் ஈ150டி என்கிற கருக்கின சர்க்கரைச் சாயம். சில பாட்டிலில் வெறும் ‘அரோமி’, அதாவது வாசனைப் பொருள் என்று மட்டும் இருக்கும். சிலதில் ‘எஸ்த்ராத்தோ தி கினோட்டோ’ என்று பழத்தின் சாரம் எழுதியிருக்கும், சதவீதமும் இருக்கும். இந்த இரண்டாவது வகையில்தான் தோல் வாசனை உண்மையாக வருகிறது. தோரினோ இருக்கிற பியமோந்தே மாநிலத்தின் லுரிசியா என்ற கம்பெனிப் பாட்டில், சவோனாப் பழத்தை வைத்துச் செய்வது. விலை கொஞ்சம் கூட, வாசனை முன்னால் நிற்கும். ரோமாபுரிப் பக்கத்துக் கினோட்டோ நேரி பழைய கை, கசப்பு சற்றுத் தூக்கல். எனக்கு நேரிதான் இப்போது பிடிக்கிறது, ஆனால் முதல் முறைக்கு லுரிசியாவைத்தான் சொல்வேன். டொரோண்டோவில் இருக்கிற நம்மவர்களுக்கு பிரியோ என்ற பெயரில் கிடைக்கும், அது இனிப்பு தூக்கலான ரகம். மால்டா போனால் 1952-லிருந்து விற்கிற கின்னி. கசப்பு ஆரஞ்சும் மூலிகையும் சேர்ந்தது, இதற்கு ஒன்றுவிட்ட உறவு.

அன்று சாயங்காலம் ரயிலுக்கு முன்னால் ஒரு அடுப்புக்கடையில் ஃபரினாட்டா வாங்கினேன். கடலை மாவைத் தண்ணீரும் ஆலிவ் எண்ணெயும் உப்பும் சேர்த்துக் கரைத்து, அகலமான செம்புத் தட்டில் மெல்லிசாக ஊற்றி, விறகு அடுப்பில் சுட்டது. சவோனாவில் கோதுமை மாவில் செய்கிற வெள்ளை ஃபரினாட்டாவும் உண்டு, மஞ்சளா வெள்ளையா என்று கேட்பார்கள். நான் மஞ்சள் கேட்டேன். ஓரம் மொறுமொறு, நடுவே மெத்து, மேலே மிளகுத்தூள். காகிதத்தில் வைத்து நின்றுகொண்டே சாப்பிட்டு, கூட நன்றாகக் குளிர்ந்த கினோட்டோ. எண்ணெயையும் உப்பையும் அந்தக் கசப்பு ஒவ்வொரு வாய்க்கும் துடைத்தெடுத்தது. பாட்டில் காலியானபோது இன்னொன்று கேட்டேன். இரண்டும் ஃபரினாட்டாவும் சேர்த்து எட்டு யூரோகூட ஆகவில்லை.

பிடித்துப்போனவர்கள் இரண்டு விஷயத்தை மனதில் வையுங்கள். கசப்பதால் சர்க்கரை குறைவு என்று நினைக்க வேண்டாம். நான் படித்த பாட்டில்களில் நூறு மில்லிக்குப் பத்து கிராமையொட்டி இருந்தது, கோலாவுக்குச் சற்றும் குறைவில்லை. வீட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மருந்து மாதிரி நினைத்துக் கொடுத்துவிடாதீர்கள். இரண்டாவது, மாத்திரை. பம்ளிமாஸ் இனத்தைச் சேர்ந்த கிரேப்ஃப்ரூட்டும், செவில் கசப்பு ஆரஞ்சும், சிம்வாஸ்டாட்டின் போன்ற சில கொழுப்பு மாத்திரைகளையும் ஃபெலோடிபின் போன்ற சில ரத்த அழுத்த மாத்திரைகளையும் உடம்பு உடைத்து வெளியேற்றுவதைத் தடுக்கும். மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறிவிடும். கினோட்டோவும் கசப்பு ஆரஞ்சுக் குடும்பம்தான். பானத்தில் பழம் கொஞ்சம்தான் இருக்கிறது என்றாலும், அம்மா இங்கே வந்தபோது அவர் மாத்திரைப் பெயரை மருந்துக்கடையில் காட்டிக் கேட்டுவிட்டுத்தான் ஊற்றிக் கொடுத்தேன். பழத்தையோ மர்மலேடையோ நிறையச் சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடமே கேளுங்கள்.

கடைசியாக, இணையத்தில் பெட்டியாக வாங்குவது. ஆய்வகத்தில் ஒரு விருந்துக்காக இணையக் கடை ஒன்றில் பன்னிரண்டு கண்ணாடிப் பாட்டில் வரவழைத்தேன். அனுப்பும் செலவோடு நாற்பத்திரண்டு யூரோ. கூரியர்காரர் ஈரமான பெட்டியைக் கையில் கொடுத்து, போனில் விரலால் கையெழுத்து வாங்கிக்கொண்டு படியிறங்கிவிட்டார். திறந்தால் மூன்று பாட்டில் சுக்கல், மற்றதெல்லாம் பாகில் ஒட்டிக்கிடந்தது. கடைக்கு எழுதினேன். ‘எந்தக் குறையும் குறிப்பிடாமல் பெற்றுக்கொண்டீர்கள், பணம் தர முடியாது’ என்று ஒரே வரியில் பதில். இரண்டு வாரம் இதிலேயே ஓடியது. பிறகு நுகர்வோர் சங்க அலுவலகம் ஒன்றில் விசாரித்தபோதுதான் தெரிந்தது, பொருள் வாங்குபவர் கைக்கு வந்து சேரும்வரை உடைந்தால் பொறுப்பு விற்பவருடையது. இத்தாலிய நுகர்வோர் சட்டம் 63-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. பெட்டி நனைந்தோ நசுங்கியோ இருந்தால் கையெழுத்துக்குப் பக்கத்தில் ‘கோன் ரிசேர்வா’, அதாவது குறை சொல்லும் உரிமையை விட்டுக்கொடுக்காமல் வாங்குகிறேன் என்று எழுதி, என்ன பழுது என்பதையும் சேர்க்க வேண்டும். கூரியர்காரர் நிற்கும்போதே படம் எடுக்க வேண்டும், பெட்டியைக் குப்பையில் போட்டுவிடக் கூடாது. அந்தப் பிரிவைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். பத்து நாளில் உடைந்த மூன்று பாட்டிலுக்கான காசு கணக்கில் வந்தது. பதிவுத் தபாலுக்குச் செலவழித்த ஏழு யூரோவை இன்னும் தரவில்லை. அதைக் கேட்டு இரண்டாவது கடிதம் எழுதி வைத்திருக்கிறேன், இந்த வாரம் அனுப்புகிறேன்.